கோலும் கோலமும் செய்நிரலும்

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயின்றோர் ‘பரமானம்’ என்னும் சொல்லை எளிதில் மறந்திருக்கமாட்டார். பரவளைவொன்றின் மீதுள்ள புள்ளியின் இரு ஆள்கூறுகளையும் தனித்தனியே தேடாது, ஒரேயொரு மாறியின் வாயிலாக இரண்டையும் எழுதிவிடும் முறை அது. அம்மாறிக்கு ஒரு பெறுமானம் கொடுத்தால் ஒரு புள்ளி பிறக்கும். பெறுமானம் மாறப் புள்ளியும் நகரும். ஆயினும் வளையியை விட்டு ஒருபோதும் விலகாது. பரீட்சை மண்டபத்தோடு பலர் கைகழுவிவிடும் இச்சிறு உத்தியே, இன்று கட்டடக்கலை மாணவர் ‘பரமெட்ரிக் டிசைன்’ என வியந்து பேசும் துறையின் வித்தாகும். அதனை இக்கட்டுரை ‘பரமான வடிவமைப்பு’ என வழங்கும்.

படவரைஞர் ஒருவர் மாடிப்படி வரைவதை எடுத்துக்கொள்வோம். தளத்தின் உயரம் 3 மீற்றர், படியொன்றின் எழுச்சி 150 மில்லிமீற்றர் எனின் 20 எழுச்சிகள் வேண்டும். அவர் இருபது கோடுகளை வரைகிறார். மறுநாள் வீட்டுச் சொந்தக்காரர் உயரத்தை 3.3 மீற்றராக்குமாறு கேட்டால் அத்தனையும் அழித்து 22 கோடுகளைப் புதிதாக வரையவேண்டும். பரமான முறையிலோ கோடுகள் வரையப்படுவதில்லை. உயரத்துக்கும் எழுச்சிக்கும் எண்ணிக்கைக்குமுள்ள தொடர்பு மட்டுமே செய்நிரலாக எழுதப்படுகிறது. உயரத்தை மாற்றினால் படிகள் தாமே தம்மைத் திருத்திக்கொள்ளும். வரைபவர் இங்கு ஒரு படிக்கட்டை ஆக்கவில்லை. ஒரு படிக்கட்டுக் குடும்பத்தையே ஆக்குகிறார் எனலாம்.

இத்துறையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஆங்கில நூல்கள் வாயிலாகவே அறிகிறோம். அவ்வரலாறு இத்தாலியிலே தொடங்கி, அமெரிக்காவிலே வளர்ந்து, இலண்டனிலே கொடியேற்றுகிறது. கொச்சிக்கடையிலுள்ள கற்கோயிலுக்கும் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் இடப்படும் கோலத்துக்கும் அதில் இடமில்லை. ‘எல்லாம் எம் முன்னோரிடம் அன்றே இருந்தன’ என்று மார்தட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டன. விதியொன்று பல வடிவங்களைப் பிறப்பிக்குமிடத்து, அவற்றுள் எதனைத் தள்ளுவது என்பதை யார், எதனைக் கொண்டு தீர்மானித்தனர் என்னும் வினாவை முன்வைத்து இரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இங்கு செய்யப்படுவது.

முதலில் மேனாட்டு வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். உரோமாபுரிக் கட்டடக்கலைஞர் லூயிஜி மொரெட்டி ‘பரமானக் கட்டடக்கலை’ என்னும் தொடரைக் கையாண்டவர். 1960ஆம் ஆண்டு மிலான் நகரக் கண்காட்சியில் அவர் விளையாட்டரங்குகளின் மாதிரிகளை வைத்தார். பார்வையாளன் எவ்விருக்கையிலிருந்தும் ஆட்டத்தை எவ்வளவு நன்றாகக் காண்பான் என்பது முதலான அளவுகளிலிருந்து பெறப்பட்ட வடிவங்கள் அவை. மூன்றாண்டுகளின் பின்னர், 1963இல், ஐவன் சதர்லண்ட் என்னும் ஆய்வு மாணவர் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் சமர்ப்பித்த ‘ஸ்கெச்பாட்’ என்னும் ஆய்வு கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரைவதை நிகழ்த்திக் காட்டியது. அதில் வியப்புக்குரியது ஒளிப்பேனா அன்று. ‘இவ்விரு கோடுகளும் சமாந்தரமாயிருத்தல் வேண்டும்’ எனக் கட்டளையிட்டால், ஒன்றை அசைக்கும்போது மற்றையதும் கட்டளைக்கு அமைய அசைந்தது. ஓட்டோகாட் என்னும் வரைதல் மென்பொருள் 1982இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து அதனுள்ளேயே செய்நிரல் எழுத ஓட்டோலிஸ்ப் என்னும் மொழி சேர்க்கப்பட்டது. டேவிட் ருட்டன் 2007இல் ஆக்கிய, பின்னர் ‘கிராஸ்ஹொப்பர்’ எனப் பெயர்பெற்ற கருவி, செய்நிரலை எழுத்தாக அன்றிப் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளுமாகக் காட்டியமையால், கணினி மொழிக்கு அஞ்சிய மாணவரையும் தன்பால் ஈர்த்தது. அடுத்த ஆண்டிலேயே பத்ரிக் சூமாக்கர் இதனை ஒரு புதிய கட்டடப் பாணி எனப் பிரகடனஞ் செய்தார். கருவி ஒன்று பாணி எனப் பட்டஞ்சூட்டப்படுவது அவ்வளவு விரைவாக நிகழ்ந்தது.

ஆயின் கணினி இன்றியும் இம்முறை உயிர்வாழ்ந்தது என்பதற்குக் கற்றலோனியாவைச் சேர்ந்த அந்தோனி கௌடி சான்று. கொலோனியா குவெல் என்னுமிடத்தில் எழுப்பவிருந்த தேவாலயத்துக்கு அவர் நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றிலே சிறு ஈயக்குண்டுப் பைகளைக் கட்டி ஒரு மாதிரியை அமைத்தார். தொங்கும் சங்கிலியின் வடிவைத் தலைகீழாக்கினால் நெருக்கலை மட்டும் தாங்கும் வில்வளைவு கிடைக்கும் என்பதை இங்கிலாந்தின் றொபேட் ஹூக் 1675இலேயே கூறியிருந்தார். கௌடி ஒரு நூலை நீட்டினால் முழு மாதிரியும் அசைந்து புதியதொரு சமநிலையை அடைந்தது. அதைப் படம் பிடித்துத் தலைகீழாகப் பார்த்தபோது கோயில் தெரிந்தது. இங்கே நூலின் நீளமும் குண்டின் நிறையும் பரமானங்கள். கணிப்பைச் செய்தது புவியீர்ப்பு. மனம்போன வளைவுக்கு அங்கு இடமில்லை. தாங்கமுடியாத வடிவை நூலே ஏற்க மறுத்துவிடும்.

சிட்னி இசைநாடக அரங்கின் கதையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1957ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற யோர்ன் உட்சனின் கூரைகள் கைபோன போக்கில் வரையப்பட்டவை. அவற்றைக் கட்டுவது எவ்வாறென்று பொறியியலாளர் ஆண்டுக்கணக்கில் திணறினர். 1961இல் எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுப்பதென்ற தீர்வு பிறந்தது. ஒரே ஆரை, அதனால் ஒரேவகை அச்சில் வார்க்கத்தக்க துண்டுகள். 1973இல் அரங்கு திறக்கப்பட்டபோது உலகம் கண்ட அழகு, சுதந்திரத்தால் வந்ததிலும் பார்க்க அதைக் குறைத்துக்கொண்டதால் வந்தது என்பதே என் எண்ணம்.

இனி எமது நகரத்துக்கு வருவோம். கொழும்பு 13, கொச்சிக்கடையில் ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உண்டு. பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்த கோயிலை அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்திற் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டுவித்தார். துறைமுகத்தின் இரைச்சலுக்கும் பாரவூர்திகளின் புகைக்கும் நடுவே, உள்ளே நுழைந்ததும் குளிர்ந்து இருள்கின்ற அந்தக் கல்மண்டபத்தைக் கண்ட எவரும் எளிதில் மறவார். பள்ளிப்பருவத்தில் அங்கு சென்ற நாளெல்லாம் தூண்களை எண்ணியதுண்டு. தூணின் தடிப்புக்கும் உயரத்துக்கும் கூரைக்கும் தொடர்பிருக்கக்கூடும் என எண்ணியதில்லை.

அத்தகைய தொடர்புகளைச் சிற்பநூல்கள் விரித்துரைக்கின்றன. ‘மயமதம்’, ‘மானசாரம்’ என்பன அவற்றுள் யாவரும் அறிந்தவை. ஒருதள விமானத்தின் உயரத்தை எட்டுக் கூறாக்கி, அதிட்டானத்துக்கு 1, காலுக்கு 2, பிரஸ்தரத்துக்கு 1, கழுத்துக்கு 1, சிகரத்துக்கு 2, தூபிக்கு 1 எனப் பகிர்வது ஒரு முறை. உயரம் 16 முழம் எனின் அதிட்டானம் 2 முழம். 24 எனின் 3. சிற்பி ஒரு கோயிலின் படத்தை மனனஞ் செய்யவில்லை. பகிர்வை மனனஞ் செய்தான். மாடிப்படி எடுத்துக்காட்டில் கண்டதும் இதுவே. மேலும், அளவுகோலே நிலையானதன்று. 24 அங்குலங் கொண்ட முழம் கிஷ்கு. 25 கொண்டது பிராசாபத்தியம். 26 கொண்டது தனுர்முட்டி. 27 கொண்டது தனுர்க்கிரகம். எந்தக் கோலால் அளப்பது என்பதையே முதலில் தெரிவுசெய்தல் வேண்டும். இன்றைய மென்பொருளில் மில்லிமீற்றரா அங்குலமா எனக் கேட்கும் சிறு சாளரத்தை எண்ணாமல் இதனைப் படிக்க என்னால் முடியவில்லை.

இவை வடிவத்தைப் பிறப்பிக்கும் விதிகள். இவற்றின் பின்னர் வருவது ஆயாதிக் கணக்கு. அது வடிவத்தைப் பிறப்பிப்பதில்லை; பிறந்ததைச் சோதிக்கிறது. நூல்களுக்கிடையே வேறுபாடு மிக உண்டு. நீளத்துக்கு ஒரு கணக்கு, அகலத்துக்கு ஒரு கணக்கு எனப் பிரிப்பனவும் உள; சுற்றளவையே எல்லாவற்றுக்கும் கொள்ளும் வழக்கும் உளது. எளிமை கருதிச் சுற்றளவு முறையையே இங்கு எடுத்துக்கொள்வோம். சுற்றளவை 3ஆற் பெருக்கி 8ஆல் வகுத்தால் வரும் மீதி யோனி எனப்படும். 1 கொடி, 2 புகை, 3 சிங்கம், 4 நாய், 5 எருது, 6 கழுதை, 7 யானை, 8 காகம்; ஒற்றைப்பட்டவை நல்லன, இரட்டைப்பட்டவை தீயன. 8ஆற் பெருக்கி 12ஆல் வகுத்த மீதி ஆயம், அதாவது வரவு. 9ஆற் பெருக்கி 10ஆல் வகுத்த மீதி வியயம், அதாவது செலவு. வரவு செலவிலும் மிகுந்திருத்தல் வேண்டும். மீதி இல்லையெனின் வகுத்த எண்ணையே மீதியாகக் கொள்ளலாம். நட்சத்திரம், வாரம், திதி என்பவற்றுக்கும் இவ்வாறே கணக்குகள் உண்டு.

10 கோல் நீளமும் 7 கோல் அகலமுமான அறையொன்றை எண்ணிப் பார்ப்போம். சுற்றளவு 34. மூன்றாற் பெருக்க 102. எட்டால் வகுக்க மீதி 6, கழுதை. தள்ளப்பட்டது. நீளத்தில் அரைக்கோல் கூட்டுவோம். சுற்றளவு 35, யோனி 1, கொடி. நன்று எனக் கொண்டால், ஆயம் 4, வியயம் 5; செலவு மிகுந்துவிட்டது. மீண்டும் தள்ளப்பட்டது. நீளத்தை ஒன்பதரையாக்குவோம். சுற்றளவு 33, யோனி 3, சிங்கம், 264ஐ 12ஆல் வகுக்க மீதியில்லை, எனவே ஆயம் 12, வியயம் 7. இவ்வளவு ஏற்புடையது. வேண்டியது 10, கிடைத்தது ஒன்பதரை.

இக்கணக்கை ஒரு சிறு செய்நிரலாக எழுதியதே நான் பிறர் துணையின்றி எழுதிய முதற் செய்நிரல். பன்னிரண்டு வரிகளுக்கு மேற் போகவில்லை. 1 முதல் 30 வரையுள்ள சுற்றளவுகளை அதனுட் செலுத்தியபோது யோனி, ஆயவியயம் ஆகிய இரு சோதனைகளிலும் தேறியவை 11 மட்டுமே. அதன் பின்னர் அதே ஒழுங்கு முப்பதுக்கொருமுறை மீள வந்தது. இரட்டை எண் ஒன்றேனும் தேறவில்லை. சற்றுச் சிந்தித்திருந்தால் கணினியை நாடாமலே இதைக் கண்டிருக்கலாம்: இரட்டை எண்ணை மூன்றாற் பெருக்கினாலும் இரட்டை, எட்டும் இரட்டை, மீதி ஒருபோதும் ஒற்றையாகாது. நீளமும் அகலமும் முழுக்கோலாயின் சுற்றளவு எப்போதும் இரட்டையாதலால், முழு எண்களால் அமைந்த அறை எதுவும் இச்சோதனையிற் தேறாது. எங்கோ ஓரிடத்தில் ஓர் அரைக்கோலைக் கூட்டியோ குறைத்தோ ஆகவேண்டும். சிற்பி தன் முதல் எண்ணத்தைக் கட்டாயம் மறுமுறை எண்ணிப் பார்க்குமாறு கணக்கு அவனை நிறுத்திவைக்கிறது.

கழுதை மீதி வந்த அறையின் சுவர் இடிந்து விழும் என்று எவரும் நம்பவேண்டியதில்லை. கட்டடத்தின் உறுதிக்கும் இக்கணக்குக்கும் தொடர்பில்லை. சோதிட நம்பிக்கையே இதன் அடிப்படை. அதை மறைத்து ‘விஞ்ஞானம்’ எனப் பூச்சுப் பூசுவோர் சிற்பநூலுக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒருசேர அநீதி இழைக்கின்றனர். எனினும் வரலாற்று நோக்கிற் கவனிக்கத்தக்கது அதன் அமைப்பாகும். பிறப்பிக்கும் விதி ஒன்று, தள்ளும் விதி ஒன்று, இரண்டுக்கும் மேலாகச் சிற்பியின் கண் என மூன்றடுக்காக அது நின்றது. கன்னியாகுமரிப் பாறையில் 2000ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை ஆக்கிய வை. கணபதி ஸ்தபதி, குறளின் 133 அதிகாரங்களுக்கு 133 அடி என மொத்த உயரத்தைக் கொண்டார். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்குப் பீடம் 38 அடி. எஞ்சிய 95 அடி சிலை. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ஒரு சிறுவனும் விடை கூறுவான். அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களிற் பணிபுரிந்த சம்பித் தத்தா, டேவிட் பெய்னன் ஆகியோர் தென்னாசிய, தென்கிழக்காசியத் தொல்கோயில்களின் கேத்திரகணிதத்தைக் கணினி மாதிரிகளால் மீளக்கட்டி 2014இல் நூலாக வெளியிட்டுள்ளனர். எமது ஆலயங்களைப் பற்றி அத்தகையதொரு முயற்சியை எமது மாணவர் தொடங்கத் தடையொன்றுமில்லை. அளவுநாடாவும் பூசகரின் அனுமதியும் போதும்.

கோயிற் கோலை விட்டு வாசற் கோலத்துக்கு வருமிடத்து, எமது மரபு கணினி வரலாற்றோடு உண்மையாகவே கைகோத்த இடத்தைக் காண்கிறோம். ஆச்சரியம் யாதெனில், பலர் அறியாததும் இதுவே. சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலமும் அணி இலக்கணமும் பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்றைக் கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். ஓட்டோலிஸ்ப் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர் என்பதை மனத்திற் கொள்க.

அவர்தம் எண்ணத்தை எளிமையாக இவ்வாறு கூறலாம். அமெரிக்க மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி 1950களில் மொழியின் வாக்கியங்களைச் சில எழுத்து மாற்று விதிகளாற் பிறப்பிக்கலாம் எனக் காட்டியிருந்தார். வாக்கியம் ஒரு திசையிலே நீள்வது. கோலமோ இரு திசையிலும் பரவுவது. ஆகவே வரியாக நீளும் சரத்துக்கு ஈடாக, நிரையும் நிரலுமாகப் பரவும் அணியைப் பிறப்பிக்கும் இலக்கணம் தேவைப்பட்டது. சிரோமணி பெயராலேயே இன்று வழங்கும் அணி இலக்கணத்தில், முதற்கட்டத்தில் கிடையாக ஒரு வரிசை விதைக்கப்படுகிறது. இரண்டாங் கட்டத்தில் அவ்விதைகள் யாவும் ஒரேவேளையில் கீழ்நோக்கி நிரல்களாக வளர்கின்றன. வயலில் நாற்று நட்டவர்க்கு விளக்கவுரை வேண்டாத உவமை. முதல் வரிசையின் நீளமும் நிரலின் உயரமும் மாற, ஒரே விதியிலிருந்து சிறிதும் பெரிதுமாக ஒரு கோலக் குடும்பமே பெருகும். ஏழு புள்ளிக் கோலத்தை அறிந்த பெண் ஒன்பது புள்ளிக்கு அதை விரிப்பதும் இவ்வாறே; அவள் படத்தைப் பெருப்பிப்பதில்லை, விதியை மேலும் சில முறை நடத்துகிறாள்.

இவ்வாய்வின் உயிர்நாடி இயந்திரம் அன்று, இலக்கணம். கோலம் இடுவதில் வல்ல பெண்கள் அதை எவ்வாறு மனத்திற் பதித்துவைத்துள்ளனர் என்பதையும் கிஃப்ட் சிரோமணி ஆராய்ந்தார். அவர் 1988இல் மறைந்தார். மறு ஆண்டில் வெளிவந்த அவர் நினைவு மலரிற் கம்பிக் கோலங்களின் இலக்கணம் பற்றிய கட்டுரையும் இடம்பெற்றது. 1980களில் கனடாவில் புருசின்கிவிச் என்னும் ஆய்வாளர், செடிகளின் வளர்ச்சிக்காக லிண்டன்மேயர் 1968இல் வகுத்த விதிமுறைகளைக் கொண்டு கணினித் திரையிற் கோலங்களை வரைந்தார். செடியும் கோலமும் ஒரே இலக்கணத்தால் எழுதப்பட்டமை சிந்தனைக்குரியது.

இதே காலத்தில் மேனாட்டுக் கட்டடக்கலை என்ன செய்துகொண்டிருந்தது? ஜோர்ஜ் ஸ்டைனியும் ஜேம்ஸ் கிப்ஸும் 1970களின் தொடக்கத்தில் ‘வடிவ இலக்கணம்’ என்னும் கருத்தை வெளியிட்டனர். 1978இல் ஸ்டைனியும் வில்லியம் மிச்சலும் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான பல்லாடியோவின் மாளிகைகளைப் பிறப்பிக்கும் இலக்கணம் ஒன்றை வகுத்தனர். அது கட்டடக்கலைக் கணினியியலின் அடிப்படை நூல்களில் இன்றும் பேசப்படுகிறது. தாம்பரத்து இலக்கணமோ கணினி விஞ்ஞானிகளின் உடைமையாகவே நின்றுவிட்டது. கட்டடக்கலைஞர் அதைத் தம்முடையதாகக் கொள்ளவில்லை. பல்லாடியோவைப் பற்றி எழுதத்தக்க எமது மாணவன், தன் அம்மம்மா மார்கழி விடியலில் அரிசிமாவால் இயற்றியதற்கும் ஓர் இலக்கணம் அச்சில் உண்டென்பதை அறியாதிருக்கிறான். நானும் அவ்வாறே நான்காண்டுகள் இருந்தேன்.

இவ்விடத்தில் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவதற்கு வாசகர் பொறுத்தருள்க. கட்டடக்கலை மாணவனாய் இருந்தபோது வெள்ளவத்தையில் ஒரு சிறு வாசிகசாலையை வடிவமைக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பத்துப் பேர்ச்சஸ் காணி, ஏறத்தாழ 253 சதுர மீற்றர். மேற்கே புகையிரதப் பாதையும் கடலும். வெள்ளவத்தையின் அண்மைக்கால வரலாறு அவ்வொழுங்கைகளிலேயே எழுதப்பட்டுள்ளது. 1983 யூலையில் எரிந்த வீடுகள், அதன் பின்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள், கடல்கடந்தோர் அனுப்பிய பணம் என்பன சேர்ந்து ஓட்டுக்கூரை வீடுகளின் இடத்தில் அடுக்குமாடிகளை எழுப்பின. அவ்வடுக்குமாடிகளை உற்று நோக்கினால் அவையும் பரமான வடிவமைப்பே என்பது புலப்படும். காணியின் அகலம், விதிகள் அனுமதிக்கும் உயரம், வாகனத் தரிப்பிடம், சதுர அடி விலை என்னும் நான்கு எண்களைக் கொடுத்தால் கட்டடம் தானே வந்துவிடுகிறது. அதனாற்றான் ஒன்று மற்றொன்றைப் போலிருக்கிறது. குளியலறைச் சாளரம் அயலவர் சமையலறையைப் பார்ப்பது எந்த எண்ணுக்கும் அகப்படாமையால் அது தள்ளப்படவுமில்லை.

நான் அதைக் கண்டும் உணரவில்லை. மேற்குச் சுவரில் வெயில் மறைப்பு ஒன்றைச் செய்நிரலால் ஆக்கினேன். பன்னிரண்டு பரமானங்கள். திரையிலுள்ள நகர்த்திகளை அசைக்கும்போதெல்லாம் மறைப்பு கடலலைபோல் நெளிந்தது. இரவு இரண்டு மணிக்கு அதைக் காண்பதில் உள்ள போதையை அனுபவித்தவரே அறிவர். நானூறுக்கும் மேற்பட்ட வடிவங்களைச் சேமித்தேன். அவற்றுள் கண்ணுக்கு இனியது ஒன்றைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரிலே தொங்கவிட்டேன். மதிப்பீட்டுக்கு வந்திருந்த முதிய கட்டடக்கலைஞர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, மிச்சம் நானூறையும் ஏன் விட்டனீர்?” என்று கேட்டார். விடையிருக்கவில்லை. “மாலை நாலரை மணி வெயில் எங்கால வருது?” என்பது அடுத்த வினா. அதற்கும் விடையிருக்கவில்லை. 

விடை கடினமானதன்று. கொழும்பு வட அகலக்கோடு ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்தை அண்டியும் ஆவணியின் பிற்பகுதியிலும் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது கிடையான மறைப்பு போதும். ஆயின் மேற்குச் சுவரைத் தாக்குவது பிற்பகல் வெயில். அது தாழ்ந்து, கடல்மட்டத்தை நோக்கிச் சரிந்து, கிடைத்தகடுகளின் கீழாக நுழைந்துவிடும். நிலைக்குத்தான தகடுகளை ஒரு கோணத்தில் திருப்பி நிறுத்தினாலே அது தடைப்படும். என் அலைவடிவோ அழகாக நெளிந்தபடியே வெயிலை வாசகரின் முகத்தில் விட்டது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பொருள் எது என்பதையும் நான் நினைக்கவில்லை.

அத்தோல்வியின் பின்னரே ஆயாதிக் கணக்கை மீண்டும் எடுத்துப் படித்தேன். முன்னர் அதிற் சோதிடத்தை மட்டுமே கண்டிருந்தேன். இம்முறை அதன் தள்ளும் விதி கண்ணிற் பட்டது. எனது செய்நிரலில் பிறப்பிக்கும் வரிகள் அறுபதுக்கு மேல் இருந்தன. தள்ளும் வரி ஒன்றுகூட இருக்கவில்லை. கௌடியின் நூலுக்குத் தள்ளத் தெரிந்தது. சிக்குக் கோலமிடும் பெண்ணுக்கும் தெரியும்: இழை புறப்பட்ட இடத்துக்கு மீளாவிடின், அல்லது ஒரு புள்ளி சுற்றப்படாது தனித்து நின்றுவிடின், கோலம் பிழை, கையால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவாள். கணினி எதையும் அழிப்பதில்லை. அது கேட்டதை எல்லாம் தருகிறது.

யோனிக்கும் வியயத்துக்கும் இணையாக நான்கு சோதனைகளை எழுதினேன். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை வாசிப்பு மேசையில் நேர்வெயில் விழலாகாது. இருந்து வாசிப்பவர் கண்ணுக்குக் கடல் தெரிதல் வேண்டும். எந்தத் தகடும் இருவர் தூக்கக்கூடிய நிறையைத் தாண்டலாகாது. தகடுகள் மூன்று வகைக்கு மேற்படலாகாது. அவ்வொழுங்கையிலுள்ள தச்சுப்பட்டறை அதற்கு மேல் அச்சுச் செய்யாது என அதன் மேசன் பாஸ் என்னிடம் கூறியிருந்தார். நானூற்றுச் சொச்ச வடிவங்களையும் அச்சோதனைகளுட் செலுத்தியபோது ஒன்றேனும் தேறவில்லை. நகர்த்திகளின் எல்லைகளை மாற்றி, நிலைக்குத்துத் தகடுகளை வைத்து மீண்டும் பிறப்பித்தபோது ஒன்பது தேறின. பார்வைக்கு அவை முன்னையதைப்போல் மயக்குவன அல்ல. ஒழுங்கையிற் போகும் ஒருவர் அவற்றைச் சாதாரண மரச்சட்டங்கள் என்றே கருதுவார்.

ஒன்பதையும் அச்சிட்டு வீட்டு நிலத்திலே பரப்பியபோது அம்மம்மா வந்து பார்த்தார். அவருக்குக் கணினி பற்றி ஏதும் தெரியாது. ஐந்தாவதைக் காட்டி, “இதில இடைவெளி சமனாயில்லை, மற்றதுகள் பரவாயில்லை” என்றார். அளந்து பார்த்தேன். செய்நிரலில் பின்னத்தை முழு எண்ணாக்கிய வரியில் ஒரு பிழை. ஒரு தகடு மட்டும் எட்டு மில்லிமீற்றர் விலகியிருந்தது. அதைத் திருத்தினேன். பின்னர் எட்டாவதைத் தெரிந்தெடுத்து, தெரிவுக்கான காரணத்தை வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.